ஆறு விநாடிப் பேச்சு

தர்ஷிகாவை மீத்திறன் மாணவி என்று அறிவித்த அன்று பள்ளிக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். சர்க்கரை வியாதி என்று சொல்லி மறுத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் அமலோற்பவம், பிள்ளைகளுக்கு அமலா டீச்சர். திண்டுக்கல்லுக்கு வடக்கே, மில்லும் முருங்கைத் தோட்டமும் மாறி மாறி வரும் பகுதியில் சிறப்பாசிரியர். இருபத்து மூன்று ஊர், நாற்பத்தொரு பிள்ளைகள், ஒரே ஒரு நான். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், எழுத்துப் பிடிபடாதவர்கள் எல்லோருக்கும் நானே. இருபத்தாறு வருடமாகத் தொகுப்பூதியம். நிலாவில் பாசி வளர்க்கிற காலம் வந்துவிட்டது. எங்களை நிரந்தரம் செய்கிற காலம் மட்டும் வரவில்லை.

ஒன்றிலிருந்து பத்துவரை ஒரே வளாகத்தில் உள்ள சின்னக்கரட்டுப்பட்டிப் பள்ளிக்கு என் முறை புதன்கிழமை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதில்தான் தர்ஷிகாவும் வருவாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கை, கால், கழுத்து, நாக்கு எதுவும் அவள் சொன்னபடி கேட்காது. கேட்பது கண்கள் மட்டும். மேலே பார்த்தால் ஆமாம். இறுக்கி மூடினால் இல்லை. இது அவளும் அவள் அம்மா நாகஜோதியும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடையாது.

நான் அவளுக்கு ஓர் எழுத்துத் தாள் செய்திருந்தேன். சாப்பாட்டு மேசைமேல் விரிப்பார்களே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், அதில் ஒரு முழம் வாங்கி இடது பக்கம் மெய்யெழுத்துகளும் வலது பக்கம் உயிரெழுத்துகளும் ஒட்டியது. அவள் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நான் நிற்பேன். அவள் கண் எந்த எழுத்தில் போய் நிற்கிறது என்று தாளின் ஊடே தெரியும். ‘கு’ வேண்டுமென்றால் முதலில் இடது பக்கம் ‘க்’, பிறகு வலது பக்கம் ‘உ’. நடுவில் கழுத்து வெட்டி இழுத்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடமும் ஆகும், நாலு நிமிடமும் ஆகும்.

அவள் எழுதிய முதல் சொல் ‘வேர்க்குது’. அடுத்த புதன்கிழமை எழுதியது ‘ஹெச்செம் சட்டைல பட்டன் இல்ல’. புதிதில் பழக்கம் பிடிபடாமல் முழு இரண்டு மணி நேரமும் அதற்கே போயிற்று. தலைமையாசிரியர் சௌந்தரபாண்டியன் குனிந்து சட்டையைப் பார்த்தபோது அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. எனக்கு அன்றைக்குச் சம்பளம் வந்த மாதிரி இருந்தது.

இப்படி ஐந்து வருடம் போன பிறகுதான் வாய்மலர் திட்டம் வந்தது.

ஒரு பெட்டி, சிலேட்டுப் பலகையளவு. சக்கர நாற்காலியின் முன்னால் பொருத்திவிடுவார்கள். அதிலுள்ள கேமரா பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் எழுத்துகள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைச் சேர்த்துச் சேர்த்து, இனிமையான ஒரு சிறுமியின் குரலில் பெட்டி பேசும். மாநிலம் முழுக்கப் பேச முடியாத பிள்ளைகளுக்கு இலவசம். கொடுத்த அன்று விழா எடுத்தார்கள். மேடையில் தர்ஷிகாவின் பெட்டி, “அம்மா, நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டது.

நாகஜோதி மில்லில் ராத்திரி வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பதின்மூன்று வருடம் கழித்துப் பிள்ளை வாயிலிருந்து முதல் சொல். மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. வாய்மலர் பெற்ற பிள்ளைகள் ‘பேச்சுத்திறன் அடைந்தோர்’ ஆகிவிட்டதால் இனி அவர்களுக்குச் சிறப்பாசிரியர் வருகை தேவையில்லை. என் பட்டியலிலிருந்து ஒன்பது பெயரை ஒரே கோட்டில் அடித்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பார்வைக் குறைவுள்ள ஒரு பெண் இருந்ததால் சின்னக்கரட்டுப்பட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தர்ஷிகாவை வராந்தாவில் பார்ப்பதோடு சரி. என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டுவாள். பெட்டி உடனே, “வணக்கம் டீச்சர், நலமாக இருக்கிறீர்களா?” என்று கேட்கும். தர்ஷிகா என்றைக்கு எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள்?

ஆண்டுத் தேர்வு வந்தது. கேள்வியைத் திரையில் காட்டினார்கள், பெட்டி விடை சொன்னது. தமிழில் தொண்ணூற்றைந்து, கணக்கில் தொண்ணூற்றெட்டு. இப்படி மாநிலத்தில் பதினான்கு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, சென்னைக்குப் பக்கத்தில் மீத்திறன் உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதென்று முடிவு. அதற்குத்தான் அந்த லட்டு.

மறுபடியும் லட்டுக்கே வருகிறேன். அன்று காலை தர்ஷிகாவுக்கு வலிப்பு வந்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை போட்டால் அவள் மதியம்வரை தூங்குவாள். நாற்காலியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் திறந்து, நல்ல தூக்கம். அவள் மடியில் யாரோ ஒரு லட்டு வைத்திருந்தார்கள். அவளால் லட்டு விழுங்கவே முடியாது, கூழ்தான். அது அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

சௌந்தரபாண்டியன் சார் சந்தோஷத்தில் வந்தார். “என்ன தர்ஷிகா, லட்டு எப்படி இருக்கு?”

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பெட்டி சொன்னது. “மிகவும் இனிப்பாக இருக்கிறது ஐயா. நன்றி.”

நான் அவள் இமையைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

“சார், பிள்ள தூங்குது.”

“ஆமா, களைப்பா இருக்கும்.”

“தூங்குற பிள்ள எப்படி சார் பேசும்?”

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “முந்தியே சொல்லி வச்சிருக்குமோ என்னமோ? தூக்கத்துலயும் மரியாத பாருங்க டீச்சர், நம்ம பசங்களுக்கு முழிச்சுக்கிட்டு இருக்கறப்பவே வராது.”

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். அவருக்கு மதி இருந்தது. அந்த வருடம் நூறு சதவீதத் தேர்ச்சிக்குக் கேடயம் வாங்கியிருந்தார். மதியைக் கேடயத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அவர் கெட்டவரில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

பெட்டி பழுது என்று புகார் போட்டேன். அடுத்த புதன்கிழமை பெட்டி செய்த நிறுவனத்திலிருந்து நிவேதன் என்று ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல முகம். பள்ளி ஆய்வகத்தில் வைத்துப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மேடம், இதுல பழுது எதுவும் இல்ல. சரியாத்தான் வேலை செய்யுது” என்றான்.

“தூங்குற பிள்ளைக்குப் பதிலா பேசுறது சரியான வேலையா?”

அவன் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். “மேடம், ஒரு கேள்வி வந்தா பெட்டி ஆறு செகண்ட் காத்திருக்கும். அதுக்குள்ள பிள்ளை எழுத்துகளப் பாத்து முடிச்சா, அதை அப்படியே பேசும். முடிக்கலன்னா, அதுவரைக்கும் பாத்த எழுத்து, கேட்ட கேள்வி, பாடம், வீட்டுச் சூழ்நிலை எல்லாத்தையும் வச்சு, இந்தப் பிள்ளை என்ன சொல்ல வாய்ப்பிருக்கோ அதைப் பூர்த்தி பண்ணிரும்.”

“ஒரு எழுத்துகூடப் பாக்கலன்னா?”

“அப்பவும் பூர்த்தி பண்ணும்.”

“அதுக்குப் பேரு பொய்யி, தம்பி.”

“பொய் இல்ல மேடம். யூகம். நூத்துக்குத் தொண்ணூறு சரியா இருக்கும்.”

“சரியா இருக்குன்னு யாரு சொன்னா? பிள்ளையா?”

அவன் பெட்டியை மறுபடி பூட்ட ஆரம்பித்தான். நான் விடவில்லை. “உன் வாய்க்குப் பதிலா நானே யூகம் பண்ணிப் பேசிக்கிட்டு, உங்கம்மாகிட்டப் போயி உன் பையன் இப்படிச் சொன்னான்னு சொன்னா நீ சும்மா இருப்பியா? கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்குனது யாரு?”

“பெட்டிக்குள்ள பாடப்புத்தகம் எல்லாம் இருக்கு மேடம்.”

“மீதி ரெண்டு மார்க் ஏன் போச்சு?”

“அந்த வயசுப் பிள்ளைங்க பொதுவா என்ன தப்பு பண்ணுமோ, அதையும் யூகிச்சுச் சேத்துக்கும்.”

சிரிப்பதா, அவனை அடிப்பதா என்று தெரியவில்லை. தப்பையும்கூட அவளுக்கு விட்டுவைக்கவில்லை. என் வாழ்நாளில் பலவிதமான திருட்டைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் தப்பைத் திருடியவர்களை அன்றுதான் பார்த்தேன்.

“அறுவது செகண்டா மாத்து. இப்பவே மாத்து.”

“என்னால முடியாது மேடம், துறை உத்தரவு வேணும். ஒரு பீரியடுக்குப் பிள்ளை எத்தனை தடவை பேசுச்சுன்னு எண்ணிக்கை போகுது. நேரத்தைக் கூட்டுனா எண்ணிக்கை விழுந்துரும்.”

“ஆறுன்னு எந்த அறிவாளி முடிவு பண்ணுனான்? உங்க முதலாளியா? மந்திரியா?”

அவன் தயங்கினான். தன் கருவியில் எதையோ தேடி என் பக்கம் திருப்பினான். “நாங்களா வைக்கல மேடம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எல்லாச் சிறப்பாசிரியர்கிட்டயும் ஒரு படிவம் வாங்குனாங்க. பதினேழாவது கட்டம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய நேரம். மாநிலம் முழுக்க வந்தது ஆறுதான். உங்க படிவமும் இதுல இருக்கு.”

இருந்தது. அமலோற்பவம், நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு ஆறு.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளைக்கு முப்பத்திரண்டு கட்டம். மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். பழைய பதிவேட்டில் மேற்படி என்று இரண்டு கோடு இழுப்போமே, அதற்கு இந்தப் படிவத்தில் ஒரு பொத்தானே வைத்திருந்தார்கள். சுற்றறிக்கையில் எப்படி நிரப்புவது என்று ஒரு மாதிரிப் படிவம் இருந்தது. அதில் பதினேழாம் கட்டத்தில் எடுத்துக்காட்டுக்காக எவனோ ஒரு எழுத்தர் 6 என்று போட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் மாதிரியைப் பார்த்து முதல் பிள்ளைக்கு ஆறு போட்டோம். பிறகு மேற்படி, மேற்படி, மேற்படி. தர்ஷிகாவின் பெயருக்கு நேரேயும் மேற்படி.

 அந்தப் பையன் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: முப்பத்திரண்டு கட்டத்தை நாற்பத்தொரு பிள்ளைக்கு ஒரே நாளில் கேட்டவர்கள் வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

உறைவிடப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தேர்வுக் குழு பிள்ளையிடமே விருப்பம் கேட்க வேண்டும் என்று சட்டம். கேட்பார்கள், பெட்டி சொல்லும், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விடுதியில் அவளைக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அவள் கண்ணை மூடினால் இல்லை என்று அர்த்தம் எனத் தெரிந்த ஒரு ஆள் இருக்காது.  ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி வீட்டுக்குப் போனேன்.

அவள் பிள்ளைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி, “கூழ் சுவையாக இருக்கிறது அம்மா” என்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு விநாடி, யூகம், மதிப்பெண், எல்லாம். தர்ஷிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி கரண்டியை வைத்தாள். “அப்ப என்னைய அம்மான்னு கூப்புட்டதும் பொட்டிதானா?”

“தெரியலம்மா. இருக்கலாம்.”

“தினமும் நான் வேலைக்குக் கெளம்பறப்ப, பாத்துப் போம்மான்னு சொல்லும். அதுவும் பொட்டியா?”

நான் கூழ்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

“டீச்சர், நீங்க நல்லவங்க, நான் இல்லைங்கல. ஆனா அஞ்சு வருசம் அந்தத் தாள வச்சு நீங்க எம்புட்டு வார்த்த எடுத்தீங்க? நாப்பது? அம்பது? அதுவும் புதங்கெழம மட்டும். மத்த ஆறு நாளும் இந்த வீட்டுல சத்தம் உண்டா? நான் ஷிப்டு முடிச்சு வந்து செவுத்தோட பேசிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் ஒரு கொரல் கேக்குது. அதப் புடுங்க வந்திருக்கீங்க.”

“நாகஜோதி, பெட்டி பேசறப்ப நீ அவ கண்ணப் பாத்திருக்கியா?”

“பொட்டியத்தான் பாப்பேன். கொரல் அங்கிட்டுத்தான வருது.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மெட்ராசுல படிச்சு பெரிய ஆளா வரட்டும் டீச்சர். எங்கூட இருந்து என்னத்தக் கண்டா?”

பெட்டி ஆறு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா சொல்வது சரிதான் டீச்சர்” என்றது. எனக்கு அதைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது.

தேர்வுக் குழு ஒரு தனியார் கல்லூரி அரங்கத்தில் கூடியது. வேறுவேறு மாவட்டத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரே நாளில் பதினான்கு பேரையும் முடித்துவிடத் திட்டம். ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம். எனக்கு அழைப்பு இல்லை. எழுத்துத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தர்ஷிகாவின் நாற்காலியைத் தள்ளுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

குழுத் தலைவர் ஓர் அம்மையார், ஐ.ஏ.எஸ். அதிகாரி. களைத்த முகம், ஆனால் அன்பாகத்தான் பேசினார். நாகஜோதியைத் தனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதனால் முதல் தடவையாக அவள், பெட்டி பேசும்போது பிள்ளையின் முகத்துக்கு நேர் எதிரே இருந்தாள்.

“தர்ஷிகா, உனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல சேர விருப்பமாம்மா?”

நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு. “மிக்க விருப்பம் அம்மா. இந்த வாய்ப்பை அளித்ததற்கு நன்றி.”

“ரொம்ப சந்தோஷம். அம்மாவை விட்டுட்டு இருந்துருவியா?”

தர்ஷிகா கண்ணை மூடினாள். இறுக்கி, நெற்றி சுருங்க, கழுத்து நரம்பு புடைக்க மூடினாள். ஆறு விநாடி ஆயிற்று. “இருப்பேன். என் முன்னேற்றமே என் அம்மாவின் மகிழ்ச்சி.”

நாகஜோதி எழுந்துவிட்டாள். “பொய்யிங்கம்மா.”

“என்னம்மா?”

“அது பொய் சொல்லுது. எம்புள்ள கண்ண மூடிருச்சு. கண்ண மூடுனா இல்லன்னு அர்த்தம். மூணு வயசுலேருந்து எங்களுக்குள்ள அதான் பேச்சு.” நேரே போய்ப் பெட்டியின் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது. பிள்ளை பக்கம் திரும்பினாள். “நாந்தான் பாக்காமப் போனேன்.”

அரங்கத்தில் ஒரே முணுமுணுப்பு. நான் தாளை விரித்துக்கொண்டு முன்னால் போனேன். யார் நீங்கள் என்றார்கள், சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகும் என்றார்கள், தெரியாது என்றேன்.

“டீச்சர், வெளியே இன்னும் பதிமூணு பிள்ளைங்க காத்திருக்காங்க” என்றார் தலைவர்.

“பதிமூணு பொட்டிங்க காத்திருக்குதுங்கம்மா. பிள்ளைங்கள இன்னும் யாரும் கூப்புடவே இல்ல.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். “சரி, கேளுங்க.”

தாளைத் தூக்கிப் பிடித்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து அவள் கண்ணைத் தாளின் ஊடே பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைச் சிமிட்டி விழவைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

எ. ன. க். கு. நாலு எழுத்துக்கு இரண்டரை நிமிடம். பின்னால் யாரோ இருமினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்ற பதற்றம்.

“எனக்குப் போக இஷ்டமில்லைங்கறாம்மா” என்றேன் சத்தமாக. “அதானடா கண்ணு?”

தர்ஷிகா கண்ணை இறுக்கி மூடினாள்.

“அப்ப போக விருப்பம்னு எழுதிக்கலாமா?” என்றார் தலைவர்.

அதற்கும் இறுக்கி மூடினாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போகிறேன் என்றும் இல்லை, போகமாட்டேன் என்றும் இல்லை. தலைவர் கையில் இருந்த படிவத்தில் இரண்டே கட்டம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை நானே பூர்த்தி செய்திருக்கிறேன். பெட்டியைக் கிணற்றில் போடப் போனவள், பெட்டி செய்ததைத்தான் செய்திருக்கிறேன்.  வாயை மூடிக்கொண்டு மறுபடி தாளைப் பிடித்தேன்.

இந்த முறை எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாகஜோதி தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் இரண்டு தடவை கழுத்து இழுத்து எழுத்து தவறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பதினொரு நிமிடம் கழித்து நாகஜோதி கையை நீட்டிப் படித்தாள்.

“எனக்குக் கணக்கு தெரியாது.”

தலைவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். பட்டியலை மெல்ல மேசைக்குக் கீழே இறக்கினார்.

தர்ஷிகா நிறுத்தவில்லை. அடுத்து ஒன்பது நிமிடம். “பெருக்கல் யாரும் சொல்லித் தரல.”

 அவளை எங்கே வைப்பது என்றுதான் எல்லோரும் யோசித்திருக்கிறோம், நான் உட்பட. போவதா இருப்பதா என்று கேட்டோம். அவளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. எங்கே இருந்தாலும் யாராவது பெருக்கல் சொல்லித் தரவேண்டும்; அதுதான் அவளுடைய பேச்சு.

தலைவர் படிவத்தின் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் நீளமாக ஏதோ எழுதினார். “இந்தத் தேர்வை நிறுத்தி வைக்கிறேன். பெட்டி எழுதின பரீட்சை முடிவு எல்லாத்தையும் நிறுத்தி வைக்கிறேன். மத்த பிள்ளைங்களையும் இப்படியே கேக்கணும். இன்னிக்கு முடியாது, முடியறப்போ முடியட்டும்” என்றார்.

எனக்குள் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டேன். “கேட்டுக்கங்க சார், எல்லாரும் கேட்டுக்கங்க! எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணுன பிள்ளைக்குப் பெருக்கல் தெரியாது. தொண்ணூத்தெட்டு மார்க்! கேடயம் வாங்குன பள்ளிக்கூடம் சொல்லித் தரல, பொட்டி செஞ்ச கம்பெனி சொல்லித் தரல, சுற்றறிக்கை விட்ட துறை சொல்லித் தரல. பேச வச்சுட்டோம், பேச வச்சுட்டோம்னு மேடை போட்டீங்களே, பேச வச்ச பிள்ளைக்கு ஒரு வாய்ப்பாடாவது…”

“டீச்சர்.” நாகஜோதி என் முழங்கையைப் பிடித்தாள். “தாளச் சுருட்டாதீங்க. அவ இன்னும் முடிக்கல.”

தர்ஷிகா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரித்துப் பிடித்தேன்.

முதல் எழுத்து ‘நீ’. என் முகத்தையே பார்த்துவிட்டுத்தான் இடது பக்கம் கண்ணை நகர்த்தினாள். அடுத்தது ‘ங்’.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வருடத்துப் புதன்கிழமைகள். எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும், பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். எழுத்து சொல்லிக் கொடுத்தேன், அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு நாள்கூட இரண்டும் மூன்றும் எத்தனை என்று அவளிடம் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு எதற்குக் கணக்கு, பாவம் என்று நினைத்தேன். எந்தப் பெட்டியும் எனக்கு அந்த நினைப்பைச் சொல்லித் தரவில்லை.

அவள் ‘க’வுக்கு வந்திருந்தாள். மீதி இரண்டு எழுத்துதான். நானே சொல்லிவிட்டுத் தாளை இறக்கியிருக்கலாம், எல்லோருக்கும் புரிந்திருக்கும். கழுத்து வெட்டி இழுத்து அந்த ‘க’வும் தவறிப்போனது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கை வலித்தது, தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ‘நீங்களும்’ என்று அவள் என்னிடம் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.